அயல் காணியின் எல்லையில் ஒரு பூட்டன்: வன்னியில் சாதாரண மூதாதை ஒருவரைத் தேடுவது எப்படி

இலங்கையின் வடக்கே வன்னிப் பகுதியில், ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் கற்சிலைமடுவில் பிரித்தானியர் ஒரு கல்லை நட்டார்கள். 1803 ஒக்டோபர் 31ஆம் திகதி கப்டன் வொன் டிறிபேர்க் பண்டார வன்னியனை இந்த இடத்தில் தோற்கடித்தார் என்பது அதன் வாசகம். ஆக, வன்னியை ஆண்ட தலைவனான பண்டார வன்னியனுக்கு நாளும் மாதமும் ஆண்டும் இடமும் எதிரியின் கையாலேயே எழுதிக் கிடைத்துவிட்டன. அதே ஆண்டில் அதே காட்டோரம் நெல் விதைத்துவிட்டுக் குளம் நிரம்புமா என்று வானத்தைப் பார்த்திருந்த கமக்காரனுக்கு ஒரு வரிகூட இல்லை.

வன்னியில் வேருள்ள பலர் பரம்பரையைத் தேடத் தொடங்கியதும் நேரே அந்தக் கல்லடிக்குத்தான் போகிறார்கள். எந்த வன்னிபத்தின், அதாவது வன்னிச் சிற்றரசனின், வழி வந்தோம், எந்த முதலியாரின் கிளை நாங்கள் என்று கேட்கிறார்கள். அது விளங்கக்கூடிய ஆசைதான். ஆனால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருடைய பூட்டன் வன்னிபமாக இருந்திருக்க முடியாது. அவர் ஒரு குளத்தடியில் வயல் செய்தவர், மாடு வைத்திருந்தவர், தேன் எடுத்தவர், கரைவலை இழுத்தவர். அவரைத் தேடுவதுதான் கூடுதல் பயனுள்ள வேலை என்பது என் நிலைப்பாடு. அது பலர் நினைப்பது போல முடியாத வேலையும் அல்ல. தேடும் திசையை மட்டும் மாற்ற வேண்டும்.

அரசு ஒரு சாதாரண ஆளை அவருக்காக எழுதி வைத்ததில்லை. வரி வேண்டியபோது, காணியைப் பிரித்தபோது, வேலை வாங்கியபோது, நோய் பரவியபோது, வாக்கு எண்ணியபோது எழுதியது. எனவே ‘என் பூட்டன் எங்கே பதிவாகியிருக்கிறார்’ என்ற கேள்வி அதிக தூரம் போகாது. ‘என் பூட்டன் எந்தக் காணியில் நின்றார், அந்தக் காணியைப் பற்றி யார் எதற்காக எழுதினார்கள்’ என்று கேட்க வேண்டும். வன்னியில் ஆளைப் பிடிக்கிற நூல் காணியும் குளமும்தான்.

முதல் கேள்வி: எந்த வழியால் வந்தவர்?

இன்று ‘வன்னி ஆக்கள்’ என்று ஒரே பெயரில் சொன்னாலும் வன்னிக்கு வந்த வழிகள் பல. ஒவ்வொரு வழிக்கும் பதிவு வேறு இடத்தில் கிடக்கிறது. இதைத் தீர்க்காமல் தேடினால் ஆண்டுக்கணக்கில் பிழையான அலுவலகத்தில் நிற்க நேரும்.

முள்ளியவளை, கரிக்கட்டுமூலை, மேல்பற்று, பனங்காமம், கருநாவல்பற்று போன்ற பழைய பற்றுகளில் (நிர்வாகப் பிரிவுகளில்) தலைமுறைகளாக இருந்தவர்கள் ஒரு வகை. அவர்களுடைய தடங்கள் பெரும்பாலும் வன்னிக்குள்ளேயே இருக்கும். இரண்டாவது, யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டங்களுக்கு வந்தவர்கள். இரணைமடுக் குளத்து நீரை நம்பி 1936இல் கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கியது. பிறகு வவுனிக்குளம், முத்தையன்கட்டு, விசுவமடு என்று அது விரிந்தது. இவர்களின் பூட்டன் வன்னியில் இருக்க மாட்டார். சாவகச்சேரியிலோ புங்குடுதீவிலோ இருப்பார். வன்னியில் கிடைப்பது தாத்தாவின் பேர்மிட், அதாவது காணி அனுமதிப்பத்திரம், மட்டும்.

மூன்றாவது, மலையகத்திலிருந்து வந்தவர்கள். 1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு வவுனியா, கிளிநொச்சிப் பக்கங்களில் வந்து குடியமர்ந்த குடும்பங்களின் தேடல் தோட்டத்து இடாப்புகளுக்கும், 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் போட்ட விண்ணப்பங்களுக்கும், மலையகத் தமிழரை இலங்கையும் இந்தியாவும் பங்கிட்டுக்கொண்ட 1964இன் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கைக் காலத்துக் கடதாசிகளுக்கும், அங்கிருந்து தமிழ்நாட்டின் மண்டபம் முகாமுக்கும் போகும். நான்காவது, முல்லைத்தீவு, மன்னார்ப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு அவர்களில் பெரும்பாலோர் புத்தளம் போனார்கள். அவர்களுக்குப் பள்ளிவாசலின் கடுத்தப் புத்தகம், அதாவது கலியாணப் பதிவேடு, முக்கியம். அது எங்கே போனது என்று புத்தளத்தில்தான் விசாரிக்க வேண்டும். ஐந்தாவதாக, 1995 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கேயே தங்கியவர்கள்.

ஒரே குடும்பத்துக்குள் இவற்றில் இரண்டு மூன்று வழிகள் கலந்திருப்பது வழமை. தாய்வழி பழைய வன்னி, தகப்பன்வழி தென்மராட்சி என்று வரும். இரண்டையும் தனித்தனிக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தடை மாவட்ட எல்லை. இன்றைய வரைபடத்தை வைத்துப் பழைய பதிவைத் தேட முடியாது. பிரித்தானியர் காலத்தில் முல்லைத்தீவு என்றொரு மாவட்டம் இருந்தது. பிறகு அது வவுனியா மாவட்டத்துக்குள் அடங்கியது. 1978இல்தான் மறுபடி முல்லைத்தீவு தனி மாவட்டமானது. அப்போது யாழ்ப்பாணம், மன்னார் மாவட்டங்களிலிருந்தும் அதற்குத் துண்டுகள் வந்தன. கிளிநொச்சி 1984 வரை யாழ்ப்பாண மாவட்டம். ஆகவே 1950இல் கிளிநொச்சியில் பிறந்தவரின் பத்திரத்தில் யாழ்ப்பாணம் என்றும், 1960இல் ஒட்டுசுட்டானில் பிறந்தவரின் பத்திரத்தில் வவுனியா என்றும் இருந்தால் அது பிழையல்ல. அந்தந்த ஆண்டில் எந்தக் கச்சேரி (மாவட்ட நிர்வாக அலுவலகம்) அந்த ஊரை ஆண்டது என்பதை முதலில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு வெளிக்கிடுங்கள்.

உறுதி சொல்கிற கதை

சரி, ஒரு பூட்டனை எடுத்துக்கொள்வோம். கற்பனை ஆள்தான், ஆனால் வன்னியில் இப்படி ஆயிரம் பேர் இருந்தார்கள். கந்தர் என்று வைப்போம். 1880களில் முள்ளியவளைப் பக்கம் பிறந்தவர். சொந்தமாகக் கொஞ்ச வயல், ஒரு பட்டி மாடு. 1930களில் இறந்தார். குடும்பத்தில் மிஞ்சியது அவருடைய பெயரும், ‘காய்ச்சலில் செத்தவர்’ என்ற ஒரு வசனமும்.

கந்தரின் பெயரில் ஒரு உறுதி, அதாவது காணிப் பத்திரம், கிடைத்தால் அது பெரிய புதையல். கிடைக்காமல் போகவே வாய்ப்பு அதிகம். ஆனால் கந்தரின் அயலவர் ஒருவர் காணி விற்றிருப்பார், ஈடு வைத்திருப்பார், மகளுக்குச் சீதனம் எழுதியிருப்பார். அந்த உறுதியின் அட்டவணையில் காணியின் பெயர் வரும். வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் ஒவ்வொரு துண்டுக்கும் தனிப் பெயர் உண்டு. அடுத்து விஸ்தீரணம். அதற்கடுத்து நான்கு எல்லைகள்: கிழக்கு ஒழுங்கை, வடக்கு கந்தர் பெண்சாதி வள்ளியம்மை காணி, மேற்கு குளக்கட்டு, தெற்கு இன்னொருவர் பங்கு. அந்த ‘வடக்கு’ என்ற ஒற்றை வரியில் கந்தர் நிற்கிறார். அவருடைய மனைவியின் பெயர் கிடைத்துவிட்டது. காணி அவள் பேரில் இருந்தது, அதனால் அது சீதனக் காணியாக இருக்கக்கூடும் என்ற ஊகமும் கிடைத்துவிட்டது. அந்த ஆண்டில் அவர்கள் குளக்கட்டுக்குக் கிட்ட வயல் வைத்திருந்தார்கள் என்பதும் தெரிகிறது. இவ்வளவும் இன்னொருவரின் காணி விற்பனையிலிருந்து வருகிறது.

உறுதிக்கு இன்னொரு பெரிய குணம் உண்டு. அது தனக்கு முந்திய உறுதியைச் சுட்டும். ‘இன்ன ஆண்டு இன்ன மாதம் இன்ன நொத்தாரிசு முன்னிலையில் எழுதிய இன்ன இலக்க உறுதிப்படி எனக்கு உரித்தான’ என்று வரும். நொத்தாரிசு என்பவர் உறுதி எழுதும் சட்ட அலுவலர். அந்த இலக்கத்தைப் பிடித்துப் போனால் முந்தியது, அதிலிருந்து அதற்கு முந்தியது. எங்கோ ஓரிடத்தில் ‘முதுச வழியாலும் ஆட்சி வழியாலும்’ என்று சங்கிலி முடியும். அதற்கு மேல் கடதாசி இல்லை. உரிமை ஊரறிய இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தச் சங்கிலி எதனால் உண்டானது? 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் காணிக் கைமாற்றங்களை நொத்தாரிசு முன்னிலையில் எழுத வைத்தது. 1860களிலிருந்து உறுதிகளைப் பதிவு செய்கிற காணிப் பதிவகங்கள் வந்தன. நொத்தாரிசு எழுதும் உறுதியில் ஒன்று அவருடைய கோவையில் தங்கும், ஒன்று காணிப் பதிவகத்துக்குப் போகும், ஒன்று உரிமையாளர் கைக்கு வரும். உங்கள் வீட்டுப் பிரதி தொலைந்தாலும் பதிவகத்துப் பிரதி இருக்கலாம் என்பது இதனால்தான்.

பெண்களைத் தேடுகிறவர்கள் சீதன உறுதியை விடக்கூடாது. ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த வழக்காற்றுச் சட்டமான தேசவழமையில் முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடிய தேட்டம் (கலியாணத்துக்குப் பிறகு தேடியது) என்று சொத்து மூன்றாகப் பிரியும். சீதனம் பெண்ணோடு போகும். தாயின் சீதனம் மகளுக்குச் சீதனமாக இறங்கும். ஆகவே ஆண்வழியில் பெயர் அறுந்துபோன குடும்பத்திலும் பெண்வழி ஒரே துண்டுக் காணியைப் பிடித்துக்கொண்டு மூன்று நாலு தலைமுறை பின்னோக்கிப் போகலாம். உலகத்தில் பல இடங்களில் குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்குப் பெண்கள்தான் கலியாணத்தோடு காணாமல் போகிறவர்கள். எங்களுக்குக் காணிப் பதிவு இருக்கிற இடங்களில் நிலைமை நேர்மாறு. ஆனால் ஒரு எச்சரிக்கை. பழைய முறையில் சீதனம் வாங்கிய மகளுக்குப் பெற்றோரின் மீதிச் சொத்தில் பங்கில்லை. அதனால் தகப்பன் இறந்தபின் நடந்த பங்கீட்டில் ஆண்பிள்ளைகளின் பெயர் மட்டும் இருந்தால், அவருக்குப் பெண்பிள்ளையே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

குடியேற்றத் திட்டக் காணிகளுக்கு உறுதி இராது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரம்தான் இருக்கும். அதற்கு முன் காணிக் கச்சேரி நடந்திருக்கும். யாருக்குக் காணி இல்லை, யாருக்கு எத்தனை பிள்ளைகள், யார் கமம் செய்யக்கூடியவர் என்று அதிகாரி ஆளாளாக விசாரித்துத் தெரிவு செய்வார். பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் அந்தக் கோப்புகள் மிஞ்சியிருந்தால் பேர்மிட்டின் பிரதியோடு, பின்னுரித்தாளராக யாரை நியமித்தார் என்பதும் கிடைக்கும். ஏன் மூத்த மகனை விட்டு இளைய மகளை எழுதினார் என்று அந்த இடத்தில் ஒரு குடும்பக் கதை முளைக்கும். இந்தக் கோப்புகளைப் பார்க்க 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம். வாயால் கேட்டு ‘இல்லை’ என்ற பதிலோடு திரும்புவதைவிட அது நல்லது.

பிறப்பு, இறப்பு, கலியாணம்

இலங்கையில் பிறப்பு இறப்புகளைச் சட்டப்படி பதியும் முறை 1867ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தோடு வந்தது. காகிதத்தில் அப்படி. பதிவுகாரர் ஒரு நாள் நடைத் தூரத்தில் இருக்க, இடையில் யானைக் காடு இருக்க, மாரியில் ஆறு பெருக, எத்தனை பேர் போய்ப் பதிந்திருப்பார்கள்? அதனால் கந்தருக்குப் பிறப்புப் பதிவு இல்லாவிட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். இறப்புப் பதிவைத் தேடுங்கள். பழைய படிவங்களில் இறந்தவரின் வயது, தொழில், இறப்புக்குக் காரணம், அறிவித்தவர் யார், அவருக்கும் இறந்தவருக்கும் என்ன உறவு என்றெல்லாம் வரும். அறிவித்தவர் என்ற கூட்டைப் பலர் பார்க்காமல் விடுகிறார்கள். அங்கே மருமகன் பெயர் இருக்கலாம், மனைவியின் தம்பி பெயர் இருக்கலாம். சில வேளை குடும்பமே மறந்துபோன ஒரு கிளைக்கு அதுதான் வாசல்.

வயதை நம்பாதீர்கள். அறுபது என்று எழுதியிருந்தால் ஐம்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் இடையில் என்று எடுங்கள். பின்னாளில் பாடசாலைக்கோ அரச வேலைக்கோ தேவைப்பட்டு உத்தேச வயதுப் பத்திரம் எடுத்தவர்களுக்குத் திகதியே உத்தேசம்தான்.

திருமணப் பதிவு இல்லையென்றால் கலியாணம் நடக்கவில்லை என்று அர்த்தமல்ல. வழமைப்படி தாலி கட்டிய கலியாணம் பதியாமலே செல்லுபடியானது. பலர் காணிப் பிரச்சினையோ ஓய்வூதியமோ வந்தபோதுதான் பதிந்தார்கள். பேரப்பிள்ளை பிறந்த பிறகு பதிவான கலியாணங்களும் உண்டு.

கத்தோலிக்கக் குடும்பமானால் உங்கள் பாடு கொஞ்சம் வசதி. அமலமரித் தியாகிகள் சபைக் குருமார் 1847இல் இலங்கைக்கு வந்தார்கள். அந்தக் காலத்துப் பங்குப் பதிவேடுகள் அரசுப் பதிவைவிட முந்தியவையாக இருக்கலாம். ஞானஸ்நானப் பதிவில் பெயர்கள் லத்தீன் வடிவத்தில் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தகப்பன் தாய் பெயரை எழுதிக்கொண்ட கையோடு ஞானத்தாய் ஞானத்தகப்பன் பெயரையும் எழுதுங்கள். அவர்கள் பெரும்பாலும் உறவுக்காரர்தான்.

எங்கள் இக்காலப் பிறப்புப் பத்திரத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தகப்பனின் பிறந்த இடம் கேட்கிறது. பேரனார் இலங்கையில் பிறந்தவரா, அப்படியானால் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் என்ன என்று கேட்கிறது. சில நிலைமைகளில் பூட்டனார் வரைக்கும் போகிறது. பரம்பரை தேடுகிறவருக்கு இது வசதியாக இருக்கிறது. ஆனால் இந்தக் கேள்விகள் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தோடு அப்படியே பொருந்துகின்றன. தகப்பன் இங்கே பிறந்தவர், அல்லது தகப்பன்வழிப் பேரனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டு என்று கேட்டது அந்தச் சட்டம். காட்ட முடியாத மலையக மக்கள் பல லட்சம் பேர் நாடற்றவரானார்கள். உங்கள் அப்பப்பாவின் பெயர் அந்தக் கூட்டுக்குள் பத்திரமாக இருப்பதற்கும், பக்கத்து வீட்டாரின் குடும்பம் நாடு இல்லாமல் நின்றதற்கும் ஒரே சட்டம்தான் பின்னணி. பத்திரத்தைப் படிக்கும்போது இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

1972 முதல் வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டை, கந்தரின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் உதவும். பழைய ஒன்பது இலக்க எண்ணில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணானால் அதோடு 500 கூட்டியிருக்கும். ஓர் அம்மம்மாவின் எண் 38574 என்று தொடங்கினால் அவர் 1938இல் பிறந்தவர், 74ஆவது நாள். இங்கே பலர் சறுக்குகிறார்கள். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று வைத்துத்தான் இந்த எண்ணைப் போட்டிருக்கிறார்கள். ஆக அது மார்ச் 14. சாதாரண நாட்காட்டியில் எண்ணினால் மார்ச் 15 என்று வந்து, பிறப்புப் பத்திரத்தோடு ஒரு நாள் இடிக்கும்.

வாக்காளர் இடாப்பையும் சொல்ல வேண்டும். இலங்கையில் அதைத் தேருநர் இடாப்பு என்கிறார்கள். 1931இல் ஆண் பெண் இருபாலாருக்கும் 21 வயதில் வாக்குரிமை வந்தது, 1959இல் அது 18 ஆனது. காணியே இல்லாத பெண்ணுக்கும் ஆணுக்கும் அரசு பெயர் எழுதிய பட்டியல் அது. கிராமம், வீடு என்ற வரிசையில் இருப்பதால் ஒரே கூரைக்குள் யார் யார் இருந்தார்கள் என்பதும் தெரியும். ஓர் ஆண்டு இருந்த பெயர் அடுத்த பட்டியலில் இல்லையென்றால் இறப்பையோ இடம்மாறலையோ அந்த இடைவெளிக்குள் தேடலாம்.

கல்வெட்டுப் புத்தகங்கள்

அரசு எழுதாததைக் குடும்பம் எழுதிய இடம் ஒன்று உண்டு. ஒருவர் இறந்த பின் செய்கிற அந்தியேட்டிக் கிரியை நாளில் கொடுக்கிற நினைவுப் புத்தகம், கல்வெட்டு. தேவாரம், படம், புலம்பல் பாட்டு, கடைசியில் நன்றி என்று வீட்டு அலமாரிகளில் தூங்குகிற அந்தச் சிறு புத்தகங்களைப் பலர் வரலாற்று ஆவணமாகவே நினைப்பதில்லை. அவற்றின் உள்ளே வம்ச விபரம் இருக்கும். யாருக்கு யார் பிறந்தார், யாரை எங்கே கட்டினார், சகலன் யார், சம்பந்தி யார் என்று அச்சில் இருக்கும். கந்தருக்கு 1930களில் கல்வெட்டு அடித்திருக்க மாட்டார்கள். ஆனால் 1970களில் இறந்த அவருடைய மகனுக்கு அடித்திருக்கலாம். அதில் ‘கந்தர் வள்ளியம்மை தம்பதிகளின் மகன்’ என்று வரும்.

திதி வெண்பாவைத் தவறவிடாதீர்கள். வருடம், மாதம், பூர்வபக்கமா அபரபக்கமா (வளர்பிறையா தேய்பிறையா), எந்தத் திதி என்று நான்கு அடிக்குள் இறந்த நாள் அடங்கியிருக்கும். வருடப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். ‘பவ’ என்றால் 1874–75ஆகவும் இருக்கலாம், 1934–35ஆகவும் இருக்கலாம், 1994–95ஆகவும் இருக்கலாம். வேறு சான்றை வைத்து எந்தச் சுற்று என்று முடிவு செய்யலாம். பழைய சாதகக் குறிப்பும் இதே வழியில் பிறந்த ஆண்டைக் கொடுக்கும். வருடத்தில் ஐயம் வந்தால், அதில் எழுதியிருக்கிற கிரக நிலையைப் பஞ்சாங்கம் தெரிந்தவரிடம் காட்டினால் சுற்றைச் சொல்லிவிடுவார். வியாழனும் சனியும் அறுபது ஆண்டில் ஏறக்குறைய அதே இடத்துக்குத் திரும்பிவிடும், ஆகவே இராகுவும் கேதுவும் நிற்கிற இராசிகள்தான் இதற்கு உதவும்.

கோயிலும் அப்படித்தான். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் வைகாசிப் பொங்கலுக்கு முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலிலிருந்து தொடங்கும் கிரியைகளில் எந்தக் குடும்பத்துக்கு எந்தத் தொண்டு, எந்தத் திருவிழாவுக்கு யார் உபயகாரர் என்பதெல்லாம் தலைமுறை வழியாக இறங்குகிற விஷயங்கள். ஓர் உபயம் யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று கேட்டாலே ஒரு வம்சாவளி வரும். வழக்குப் போட்ட கோயில்களானால் இன்னும் நல்லது. நீதிமன்றத்தில் இரு பகுதியும் தங்கள் பரம்பரையைச் சத்தியம் பண்ணிச் சொல்லியிருக்கும்.

ஊரை அறிந்தால் ஆளை அறியலாம்

ஆளைப் பற்றிய வரிகள் முடிகிற இடத்தில் ஊரைப் பற்றிய வரிகள் தொடங்கும். வன்னிக்கு இதில் ஒரு வசதி உண்டு. பழைய வன்னிக் கிராமங்கள் மிகச் சிறியவை. ஒரு குளம், அதன் கீழ் வயல், கையால் எண்ணக்கூடிய வீடுகள். 1871இலிருந்து ஒழுங்காக எடுத்த குடிசன மதிப்பீடுகளில் ஆள் பெயர் அச்சாகவில்லை. ஆனால் ஊர்வாரியான தொகை சில அறிக்கைகளில் இருக்கிறது. 1901இன் மதிப்பீட்டை நடத்தியவர் பொன்னம்பலம் அருணாசலம். யாழ்ப்பாணத்துப் பெரிய ஊரில் இந்தத் தொகை எதற்கும் உதவாது. ஏழெட்டுக் குடும்பம் இருந்த குளக்கரையில் உதவும், ஏனென்றால் அவற்றுள் ஒன்று கந்தருடையது.

முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களைப் பற்றி ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட கையேடு இருக்கிறது. நிர்வாகியின் பார்வைதான், வன்னி மக்களைப் பற்றிய அவருடைய சில தீர்ப்புகளை நான் ஏற்கவில்லை. ஆனாலும் குளங்கள், பயிர், நோய், பழக்கங்கள் பற்றிய விபரங்களுக்கு அதற்கு ஈடு இல்லை. அதற்கு முன் 1834இல் சைமன் காசிச்செட்டி வெளியிட்ட இலங்கை இடவிபரத் திரட்டையும் பார்க்கலாம். கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் அரசாங்க அதிபர்களின் நாட்குறிப்புகள் உண்டு. எந்தக் குளக்கட்டு உடைந்தது, எந்த ஊரில் காய்ச்சல் என்று அவர்கள் சுற்றுப் பயணத்தில் எழுதிய குறிப்புகள் உங்கள் ஊருக்கும் இருக்கலாம்.

1848இல் வந்த வீதிக் கட்டளைச் சட்டம் 18 வயது முதல் 55 வயது வரையான ஆண்களிடம் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை, அல்லது அதற்கான காசு கேட்டது. 1892இல் நீக்கும்வரை நெல்லுக்கும் வரி இருந்தது. 1897ஆம் ஆண்டின் தரிசு நிலக் கட்டளைச் சட்டத்தின் கீழ், உரிமை கோருபவர்கள் வரட்டும் என்று வர்த்தமானியில் ஊர்ப் பெயரோடு அறிவித்தல்கள் வந்தன. இவை ஒவ்வொன்றும் பெயர்ப்பட்டியலை உண்டாக்கிய சந்தர்ப்பம். கந்தர் அந்தப் பட்டியல்களில் இருந்தார் என்று சொல்லவில்லை. அவருடைய வயதுக்கும் காணிக்கும் எது பொருந்தும் என்று கணக்கிட்டு அதை முதலில் தேடுங்கள். தேடும்போது ஊர்ப் பெயரில் கவனம் வேண்டும். புளியங்குளம் என்றும் மருதங்குளம் என்றும் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் உண்டு. பற்றின் பெயர் இல்லாமல் ஊர்ப் பெயரை மட்டும் வைத்து முடிவெடுத்தால் வேறொருவரின் பூட்டனைச் சொந்தம் கொண்டாட நேரும்.

இந்தப் பின்னணியை ஆளோடு பொருத்துகிற இடத்தில்தான் நிதானம் வேண்டும். ‘காய்ச்சலில் செத்தவர், 1935 தை மாதம்’ என்று கந்தரைப் பற்றிக் கிடைத்தால், 1934–35 மலேரியாக் கொள்ளையில் போனார் என்று எழுதிவிட ஆசையாக இருக்கும். அந்தக் கொள்ளை எண்பதாயிரம் உயிர் அளவில் கொண்டுபோனது உண்மை. ஆனால் அது கடுமையாக அடித்தது குருநாகல், கேகாலைப் பக்கங்களை. மழை பொய்த்து ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கிய இடங்கள் அவை. வன்னியில் மலேரியா எப்போதும் இருந்தது, ஒவ்வொரு மாரிக்கும் பிறகு ஏறும். கந்தர் பேர்பெற்ற கொள்ளையில் சாகவில்லை, ஆண்டுதோறும் வந்த அதே காய்ச்சலில் செத்தார் என்பதுதான் கூடுதல் பொருத்தம். அதற்கும் ஒரு வரலாறு உண்டு. குளங்கள் பாழாகி ஊர்கள் சுருங்கியதும், பறங்கி என்ற தோல்புண் நோய் பரவியதும், 1870களுக்குப் பிறகு அரசு குளங்களைத் திருத்தத் தொடங்கியதும் அந்த வரலாற்றில் அடங்கும். தேதி பொருந்துகிறது என்பதற்காகப் பெரிய சம்பவத்தை ஒருவரின் தலையில் கட்டக்கூடாது.

இதே நிதானம் ஒல்லாந்தர் காலத்துக்கும் வேண்டும். யாழ்ப்பாணத்துக்குத் தோம்பு, அதாவது ஒல்லாந்தரின் காணிப் பதிவேடு, இருக்கிறது என்று கேள்விப்பட்டு வன்னிக்கும் தேடுவார்கள். 1780கள் வரை வன்னி பெரும்பாலும் வன்னிபங்களின் கையில் இருந்தது. ஒல்லாந்தர் அவர்களிடம் திறையாக யானை வாங்கினார்கள். அதனால் அந்தப் பதிவுகளில் யானைக் கணக்கு வரும், தலைவர்கள் பெயர் வரும், குடியானவர் பெயர் வராது. பழைய வன்னிக் குடும்பங்களுக்குக் கடதாசி வழியாகப் பெரும்பாலும் 1860கள் வரைதான் போகலாம் என்று மனதைத் தயார்செய்துகொள்வது நல்லது.

இரண்டாவது பிரதி

போரைப் பற்றிச் சொல்லாமல் வன்னிப் பதிவுகளைப் பற்றி எழுத முடியாது. 2008–09இல் ஊர் ஊராக நகர்ந்தபோது தறப்பாளும் அரிசியும் போல உறுதிப் பையும் ஒரு சுமை. பொலித்தீனில் சுற்றி, பங்கருக்குள் வைத்து, நந்திக்கடல் பக்கம் வரை கொண்டுபோனவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக் கோடியில் புதைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது வீடே அடையாளம் தெரியாமல் நின்றவர்களும் இருக்கிறார்கள். அலுவலகங்களும் இடம்பெயர்ந்தன, பதிவேடுகளும் அழிந்தன.

ஆகவே வன்னியில் தேடுகிறவர் கேட்க வேண்டியது: இந்தப் பதிவின் இரண்டாவது பிரதி எங்கே போனது? பிறப்பு இறப்புப் பதிவில் ஒன்று மாவட்டத்தில் தங்க, மற்றது பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் மத்திய பதிவறைக்குப் போயிருக்கும். உள்ளூரில் ‘அழிந்துவிட்டது’ என்றால் அங்கே விண்ணப்பியுங்கள். நொத்தாரிசு இறந்துபோனாலும் காணிப் பதிவகத்தில் அவருடைய பிரதி இருக்கலாம். நில அளவைத் திணைக்களத்தின் பழைய கிராம வரைபடத்தோடு துண்டுவாரியாக உரிமை கோரியவர் பட்டியல் இணைந்திருக்கும். பாடசாலைச் சேர்வு இடாப்பு போயிருந்தாலும், மாறிப் போன பாடசாலைக்குக் கொடுத்த விடுகைப் பத்திரம் அங்கே கிடக்கும். கனடாவிலோ லண்டனிலோ இருக்கிற மாமாவின் அகதிக் கோப்பில் 1980களில் இணைத்த அம்மப்பாவின் பிறப்புப் பத்திரப் பிரதி இருக்கும். பல குடும்பங்களில் ஊரில் இல்லாத கடதாசி வெளிநாட்டு அலமாரியில் இருக்கிறது.

காணாமற்போனவர்களைத் தேடுவது வேறு விஷயம். அதை மூதாதையர் தேடலோடு கலக்கக்கூடாது. ஆனால் குடும்ப மரம் வரைகிறவர் அந்த இடத்தில் என்ன எழுதுவது என்ற கேள்வி வரும். சட்டம் இறப்புப் பத்திரத்தையும், 2016இன் திருத்தத்துக்குப் பிறகு காணாமற்போனமைக்கான சான்றிதழையும் தருகிறது. எதை எழுதுவது என்பதை அந்தத் தாயிடமோ மனைவியிடமோ கேளுங்கள். அவர்கள் ‘இறந்தார்’ என்று எழுத விரும்பாவிட்டால் எழுதாதீர்கள். கடைசியாகக் கண்ட இடத்தையும் நாளையும் எழுதினால் போதும், அது உண்மை.

கிடைத்த ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது, யார் சொன்னது, எந்த ஆண்டு என்று குறியுங்கள். ‘பெரியம்மா சொன்னவ’ என்பதும் நல்ல சான்றுதான், அவர் சொன்னார் என்று எழுதியிருந்தால். இரண்டு தகவல் முரண்பட்டால் இரண்டையும் வைத்திருங்கள். உறுதிகளையும் கல்வெட்டுகளையும் பளபளக்கிற வெளிச்சத்தில் இல்லாமல் பகல் நிழலில், முழுத் தாளும் முத்திரையும் பின்பக்கமும் தெரியப் படம் எடுங்கள். பழைய உறுதிகளின் பின்பக்கத்தில் பதிவகத்துக் குறிப்பும் இலக்கமும் இருக்கும். கல்வெட்டு, ஊர் மலர், கோயில் மலர், பாடசாலை மலர் போன்றவற்றை 2005இலிருந்து இணையத்தில் ஈழத்துத் தமிழ் ஆவணங்களைச் சேர்த்துவருகிற நூலக நிறுவனத்துக்கு மின்வருடக் கொடுக்கலாம். உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிற கல்வெட்டின் நாலாம் பக்கத்தில் யாரோ ஒருவர் தேடுகிற சம்பந்தியின் பெயர் இருக்கக்கூடும்.